முதல் ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? விலையைக் கேட்கும் முன் இதைப் படியுங்கள்

டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பயிற்சி கொடுக்கிறேன். பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கமிருந்து நம் தமிழ் நண்பர்கள் நிறைய பேர் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, கம்மி பட்ஜெட்டில் நல்ல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் எது?" பெயர் சொல்வது எளிது, சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டாக வேண்டும். உங்கள் விசா என்ன?

எச்-1பி, எச்-4, எஃப்-1 என்று குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. அது இல்லாமல் ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். "ஆபீஸ் டீம் அவுட்டிங், சும்மா நாலு ரவுண்டு சுட்டோம்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பல வருடம் காத்திருக்கும் கிரீன் கார்டு அந்த நாலு ரவுண்டில் சிக்கலாகலாம். விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் வாங்கலாம். ஆனால் வீட்டில் கணவனோ மனைவியோ இன்னும் விசாவில் இருந்தால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியும் பூட்டு எண்ணும் அவர் கைக்குப் போகாதபடி வைப்பதுதான் பாதுகாப்பு.

அடுத்தது, நண்பருக்காக வாங்கிக் கொடுப்பது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அதில் ஒரு கேள்வி வரும். இன்னொருவர் கொடுத்த காசில் அவருக்காக வாங்கிக்கொண்டு "ஆமாம்" என்று எழுதினால் குற்றம். அந்த நண்பருக்கே சட்டப்படி வாங்கும் தகுதி இருந்தாலும் குற்றம்தான். தகுதியுள்ள தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கிய அப்ராம்ஸ்கி என்பவரின் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றமே இப்படித் தீர்ப்பளித்தது. வாங்கத் தகுதியில்லாதவருக்காகப் பினாமியாக வாங்குவதற்கென்று 2022இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. அதில் 15 ஆண்டு வரை சிறை. சொந்தக் காசில் வாங்கி, தகுதியுள்ள ஒருவருக்கு உண்மையாகவே பரிசளிப்பது வேறு விஷயம், அதற்குத் தடையில்லை.

மாநில விதிகளும் ஒன்றுபோல இருக்காது. டெக்சாஸில் வாங்குவதற்கென்று தனி அனுமதி அட்டை கிடையாது. இல்லினாயிலும் நியூஜெர்சியிலும் முதலில் துப்பாக்கிக்கான அடையாள அட்டை எடுக்க வேண்டும். நியூயார்க்கில் 2022 செப்டம்பரிலிருந்து செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கே உரிமம் தேவை. கலிஃபோர்னியாவில் பணம் கட்டினாலும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். டெக்சாஸ் நண்பர் சொன்னதை நம்பி நியூஜெர்சியில் கடைக்குப் போகாதீர்கள்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். முதல் ரைஃபிள் .22 எல்.ஆர். என்ற சிறிய வகைத் தோட்டா போடுவதாக இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. பலருக்கு ஏஆர்-15 என்ற பெரிய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் மேல்தான் கண். அதிலும் 500 முதல் 800 டாலருக்குள் தரமானவை கிடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் செலவு வாங்குவதோடு நிற்காது. .22 தோட்டா ஒன்று ஏறக்குறைய 7 முதல் 10 சென்ட். ஏஆர் சுடும் 5.56 தோட்டா ஒன்று 40 முதல் 50 சென்ட். ஐந்நூறு தோட்டா சுட்டுப் பழக .22இல் 50 டாலருக்குள் முடியும்; ஏஆரில் 200 டாலரைத் தாண்டும். அப்புறம் என்ன நடக்கிறது? ஏஆர் வாங்கியவர் இரண்டு தடவை வந்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார். .22 வாங்கியவர் மாதாமாதம் வந்து சுடக் கற்றுக்கொள்கிறார். உதைப்பும் சத்தமும் குறைவு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை வெடுக்கென்று இழுக்கும் பழக்கமும் தொற்றாது.

.22இல் நான் முதலில் கையில் கொடுப்பது ருகர் 10/22. 1964இலிருந்து செய்கிறார்கள். பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின், உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும், விலை 300 முதல் 400 டாலர். உயரம் குறைவானவர்களுக்குக் காம்பாக்ட் வகை தோளில் ஒழுங்காக உட்காரும். பழைய மார்லின் மாடல் 60 அடகுக் கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், குறி தவறாத துப்பாக்கிதான். ஆனால் அதன் மேகசின் பாரல் என்னும் சுடுகுழலுக்குக் கீழே நிலையாக இருக்கும் குழாய். குண்டு வெளியேறும் முனைக்குப் பக்கத்தில் கையை வைத்துத்தான் தோட்டா நிரப்ப வேண்டும். புதிதாகத் தொடுபவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பழையது எதை வாங்கினாலும் பாரலுக்குள் வெளிச்சம் அடித்துத் துருவும் குழியும் இருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண்ணை வைத்து உற்பத்தியாளரிடம் ரீகால் (குறை கண்டு திரும்பப் பெறுவது) உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள். ஸ்கோப்புக்கு இப்போது காசு போட வேண்டாம். கூடவே வரும், குறிபார்க்க உதவும் இரும்பு சைட்டே போதும்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் ஒவ்வொரு தடவை டிரிகரை இழுக்கும்போதும் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானாகவே சேம்பர் எனும் வெடிக்கும் அறைக்குள் ஏறிவிடும். அதாவது சுட்டு முடித்த அந்த நொடியிலேயே துப்பாக்கி மறுபடி தயார். புதியவர் குறியில் சரியாக அடித்ததும் சந்தோஷத்தில் "பார்த்தியா!" என்று பின்னால் நிற்கும் நண்பர் பக்கம் திரும்புவார். துப்பாக்கியும் கூடவே திரும்பும், விரல் இன்னும் டிரிகரில்தான் இருக்கும். ரேஞ்சில் வேலை செய்பவர்கள் புதியவர்களின் தோளை ஒட்டியே நிற்பது இதற்காகத்தான்.

காலி செய்வதிலும் வரிசை முக்கியம். மேகசினைக் கழற்றாமல் போல்டை (சேம்பரைத் திறந்து மூடும் பாகம்) இழுத்தால் உள்ளே இருந்த தோட்டா வெளியே தெறிக்கும். அதைப் பார்த்து "காலியாகிவிட்டது" என்று போல்டை விட்டால், அது மேகசினிலிருந்து அடுத்ததை உள்ளே தள்ளிவிடும். முதலில் மேகசின் வெளியே. அப்புறம் போல்டைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள். பிறகு சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள். கடைசித் தோட்டா தீர்ந்ததும் சாதாரண 10/22இன் போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்துக் காலியா இல்லையா என்று சொல்லவே முடியாது. டிரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், முனையைக் குறியை நோக்கியே பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

கையில் 600 டாலர் இருந்தால் 350க்கு மேல் துப்பாக்கிக்குப் போடாதீர்கள். மீதியில் பூட்டும் பெட்டி, காதுக் கவசம், கண்ணாடி, தோட்டா, ஒரு நாள் அடிப்படைப் பயிற்சி எல்லாம் அடங்க வேண்டும். காதில் சிக்கனம் வேண்டாம். 140 டெசிபெலைத் தாண்டினால் ஒரே சத்தம்கூடச் செவியைக் கெடுக்கும், ஏஆரின் வெடிப்பு 160ஐ ஒட்டி வரும். உள்ளரங்கில் உங்கள் கையில் .22 இருந்தாலும் பக்கத்துத் தடத்தில் இருப்பவர் எதைச் சுடுவார் என்று தெரியாது. அதனால் நுரைத் தக்கையை வைத்து அதன் மேல் இயர்மஃபும் போடுங்கள். .22 தோட்டாவின் குண்டிலும் பற்றவைப்பு மருந்திலும் ஈயம் உண்டு. சுட்ட கையோடு சாப்பிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குழந்தையைத் தூக்கும் முன் குளித்து உடை மாற்றுங்கள்.

பூட்டைப் பற்றிப் பேசினால் "எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லையே" என்கிறார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். மனம் உடைந்த ஒரு ராத்திரியைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த ராத்திரியில் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பரீட்சைக் கவலையில் இருக்கும் பதினாறு வயசுப் பிள்ளை, வேலை போய் வீட்டில் அடைந்து கிடக்கும் கணவன், ஊரை விட்டு வந்து தனிமையில் வாடும் மாமனார் என்று எல்லாரையும் நினைத்துத்தான் பூட்டச் சொல்கிறேன். தோட்டாவைத் தனியாக, வேறு பூட்டில் வையுங்கள். வீட்டில் யாராவது மனம் தளர்ந்திருந்தால், அவர்கள் தேறும்வரை துப்பாக்கியைச் சட்டப்படி வேறிடத்தில் பாதுகாப்பாக வைக்க வழி உண்டா என்று உங்கள் ரேஞ்சிலோ கடையிலோ தயங்காமல் கேளுங்கள். 988 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் உண்டு. சட்டமும் சும்மா இல்லை. 17 வயது நிரம்பாத பிள்ளையின் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது பிள்ளையின் கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் முதுகுப்பையை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். ஓரத் தையலில் சிக்கிய ஒரே ஒரு .22 தோட்டா சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் தெரிந்தால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். தெரியாமல் வந்தது என்று விளக்கி முடிப்பதற்குள் லீவே தீர்ந்துபோகும். ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்று வாங்கி, அதை வேறு எதற்கும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் 600 டாலருக்குள் சேர்த்துவிடலாம்.