பைட்டுகளுக்குள் தொலைந்த பெயர்

'4-பைட் ஆப்ஜெக்ட் <03-00 00-00>'. இரவு பதினொரு மணிக்கு ஒரு யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதியைச் சரிபார்க்கும் சோதனை) தோற்று, என் திரையில் விட்டுச்சென்ற வரி இது. எதிர்பார்த்த மதிப்பும் இதே கோலத்தில்தான் இருந்தது. 03 இருந்த இடத்தில் 02. மூலக் கோப்பைத் திறந்து, அதிலிருந்த ஆர்டர் நிலைகளின் பட்டியலைப் பூஜ்யத்திலிருந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 'அனுப்பப்பட்டது' என்று இருக்க வேண்டிய ஆர்டர் 'திருப்பப்பட்டது' என்ற நிலைக்குப் போயிருந்தது. அதைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதுமே!

இதில் சி++ நிரல்களைச் சோதிக்கும் கருவியான கூகுள்டெஸ்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஆர்டரின் நிலைகளை 'எனம்' என்ற பெயர்ப்பட்டியலாக எழுதுகிறோம். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சி++ கம்பைலர் அந்தப் பெயர்களை எண்களாக மாற்றுகிறது. ஓடும் நிரலுக்கு எண் மட்டுமே போய்ச் சேருகிறது. 2011-இல் வந்த 'எனம் கிளாஸ்' வகை தானாக எண்ணாகவும் மாறாது. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் அச்சிடும் வழி தெரியாத சோதனைக் கருவி, நினைவகத்தில் கிடக்கும் பைட்டுகளை அப்படியே எடுத்துக் காட்டுகிறது. நம் கணினிகள் பெரும்பாலும் சிறிய பைட்டை முதலில் வைப்பதால் 03 முன்னால் நிற்கிறது. மதிப்பு 258 என்றால் '02-01 00-00' என்று வரும். நடு இரவில் யாரால் அதைப் படிக்க முடியும்?

ஜாவாவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே 2004-இல் வந்த எனம், தன் பெயரைக் கூடவே வைத்திருக்கிறது. ரஸ்ட் மொழியோ, அச்சிடத் தெரியாத வகையை 'இரண்டும் சமமா' என்ற சோதனைக்குக் கொடுத்தால் கம்பைல் செய்யவே மறுக்கும். எனக்கு மிகவும் பிடித்த கண்டிப்பு அது.

சி++-இல் பலர் ஒப்பிடும் இரண்டு பக்கத்தையும் 'இன்ட்' என்ற முழு எண்ணாக மாற்றிவிடுகிறார்கள். அப்போது '2 வேண்டும், 3 வந்தது' என்று தெரியும். பட்டியலின் நடுவே யாராவது புதிய நிலையைச் செருகினால் அந்த எண்களுக்கும் பொருள் மாறிவிடும். 'இரண்டும் சமம் என்பது உண்மையா?' என்று சோதிப்பது அதைவிட மோசம். ஒப்பிட்டு முடித்த பிறகு வெறும் 'பொய்' மட்டுமே கருவியின் கைக்கு வருவதால், இரண்டு மதிப்புகளையும் அது பார்ப்பதே இல்லை.

சரியான வழி, 'பிரின்ட்-டு' என்ற சிறு ஃபங்ஷனை எழுதுவது. எனம் இருக்கும் அதே நேம்ஸ்பேஸில் (பெயர்களைத் தொகுத்து வைக்கும் பகுதி) அதை வைக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தால் கருவியின் கண்ணில் படாமல் மறுபடியும் பைட்டுகளே வரும். உள்ளே மதிப்பைப் பார்த்துக் கிளை பிரிக்கும் ஒரு 'ஸ்விட்ச்', ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர். அதில் 'மற்ற எல்லாவற்றுக்கும்' என்ற 'டிஃபால்ட்' கிளையைப் போடாதீர்கள். போடாமல் விட்டால், நாளை புதிய நிலை சேரும்போது 'இதற்குப் பெயர் எழுதவில்லை' என்று கம்பைலரின் எச்சரிக்கை நினைவூட்டும். ஸ்விட்ச் முடிந்த பின் 'தெரியாத நிலை' என்று எண்ணையும் சேர்த்து அச்சிடும் ஒரு வரி இருக்கட்டும். பட்டியலில் இல்லாத 7 எங்கிருந்தோ வந்தாலும் அந்த வரி அதைக் காட்டிக்கொடுக்கும்.