பழைய மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி: வேகம் எங்கிருந்து வருகிறது?

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து மாணவர்களுக்கு வழங்கிய லட்சக்கணக்கான கணினிகளில் பல, இன்றும் வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கின்றன. அவை பழுதாகிவிட்டன என்று சொல்ல முடியாது. பொத்தானை அழுத்தி, முகப்புத் திரை வந்து, உலாவி திறப்பதற்குள் பொறுமை போய்விடுவதால் ஒதுக்கப்பட்டவையே அதிகம். செயலி பழையதாகிவிட்டது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளியில் செயலி எவ்வளவு உழைக்கிறது என்று பணி மேலாளரைத் திறந்து பார்த்தால், அது ஏறக்குறைய சும்மா இருப்பதையும், வட்டு மட்டும் 100 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருப்பதையும் காணலாம். கணினி வேலை செய்வதில் நேரம் போகவில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து தகவல் வந்துசேரக் காத்திருப்பதில் போகிறது. அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் இந்தக் காத்திருப்பு பெருமளவு குறையும்.

அந்தக் காத்திருப்புக்கான காரணம் முழுக்க முழுக்க இயந்திரவியல் சார்ந்தது. மடிக்கணினிகளில் இருக்கும் 2.5 அங்குல ஹார்டு டிஸ்க்குகளில் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. நமக்கு வேண்டிய தகவல் தட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தற்செயல் என்பதால், அது வாசிப்பு முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர்ந்து நிலைகொள்ள ஏறத்தாழ 12 மில்லிநொடி ஆகியிருக்கும். இரண்டையும் கூட்டினால் ஒரு சிறு வாசிப்புக்கு 17 மில்லிநொடிக்கு மேல். 2 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒன்று அந்த நேரத்துக்குள் 3.4 கோடி முறை துடித்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கும் நொடிக்கு 100 மெகாபைட் தருகிறதே என்று கேட்கலாம். தரும், ஒரு திரைப்படக் கோப்பைப்போல் தகவல் முழுவதும் அடுத்தடுத்த இடங்களில் தொடர்ச்சியாக இருந்தால் மட்டும். இயங்குதளம் எழும்போது நடப்பது வேறு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சிறு கோப்புகளையும் அமைப்புப் பதிவுகளையும் அது தேடித் தேடிப் படிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 17 மில்லிநொடி என்றால் நொடிக்கு 60 வாசிப்புகளைக்கூட எட்ட முடியாது. ஒரு வாசிப்புக்கு 4 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 100 மெகாபைட் தர வல்ல அதே ஹார்டு டிஸ்க் கால் மெகாபைட்டுக்கும் குறைவாகவே தந்துகொண்டிருக்கும். எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் பாகம் எதுவும் இல்லை. அதே சிறு வாசிப்பு சுமார் 0.1 மில்லிநொடியில் முடிகிறது. இப்படிப்பட்ட 10,000 வாசிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய ஹார்டு டிஸ்க்குக்கு 170 நொடி வேண்டும், எஸ்எஸ்டிக்கு ஒரு நொடி போதும். இயங்குதளங்கள் வேண்டுகோள்களை வரிசைப்படுத்தியும், தேவைப்படும் என்று தெரிந்ததை முன்கூட்டியே படித்தும் இந்த வித்தியாசத்தை ஓரளவு மறைக்கின்றனதான். இருந்தாலும் இத்தனை பெரிய பள்ளத்தை அவற்றால் தூர்த்துவிட முடியவில்லை.

அசையாமல் தகவலை வைத்திருப்பது எப்படி? 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவர், டிரான்சிஸ்டர் ஒன்றின் உள்ளே நாற்புறமும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட கூடுதல் மின்முனை ஒன்றை வைத்தால் அதில் மின்னூட்டத்தைச் சிறைவைக்கலாம் என்று காட்டினார்கள். எதனோடும் இணையாமல் இருப்பதால் அதற்கு மிதக்கும் வாயில் என்று பெயர். தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா இந்தக் கருத்தை வளர்த்து 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தையும், 1987இல் அதன் நேண்ட் வகையையும் உலகுக்கு அறிவித்தார். இன்று நாம் வாங்கும் எஸ்எஸ்டிகள், பென் டிரைவ்கள், மெமரி கார்டுகள் ஏறக்குறைய அனைத்தும் நேண்ட் வகையைச் சேர்ந்தவை. அண்மைக்கால சில்லுகள் பலவற்றில் மிதக்கும் வாயிலுக்குப் பதிலாக, மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் ஒரு மின்காப்பு ஏடு இருக்கிறது, கொள்கை மாறவில்லை.

இப்படிப்பட்ட டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு செல். ஒரு செல்லில் எழுதுவது என்றால், சுமார் 20 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை மின்காப்புப் பொருளின் ஊடாகவே உள்ளே தள்ளுவது. மரபான இயற்பியலின்படி அவை கடக்கக் கூடாத தடை அது; குவாண்டம் ஊடுருவல் என்ற விளைவால் கடக்கின்றன. உள்ளே போனவை மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். படிக்கும்போது குறைந்த மின்னழுத்தம் கொடுத்து டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று பார்த்தால், உள்ளே மின்னூட்டம் உண்டா, எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த ‘எவ்வளவு’ என்பதில்தான் விலை அடங்கியிருக்கிறது. ஒரு செல்லில் ஒரு பிட் வைக்க 2 நிலைகள் போதும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகைக்கு 8 நிலைகளையும், நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி வகைக்கு 16 நிலைகளையும் ஒன்றோடொன்று குழம்பாமல் பிரித்தறிய வேண்டும். அதே சில்லில் கூடுதல் கொள்ளளவு கிடைக்கிறது. எழுதும் வேகமும் ஆயுளும் குறைகின்றன.

இதுவரை எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நேண்ட் நினைவகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எழுதிய இடத்தின்மேல் நேரடியாகத் திருத்தி எழுத அது விடாது. முதலில் அழிக்க வேண்டும். படிப்பதும் எழுதுவதும் சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக நடக்க, அழிப்பதோ பல நூறு பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதி முழுவதற்கும் சேர்த்துத்தான் முடியும். இடித்துக் கட்ட வேண்டிய லைன் வீட்டில் ஓர் அறையை மட்டும் இடிக்க முடியாமல், இன்னும் குடியிருப்பவர்களை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டு மொத்தமாக இடிப்பதைப்போல, பயனில் உள்ள பக்கங்களை வேறு தொகுதிக்கு நகலெடுத்த பிறகே பழைய தொகுதி அழிக்கப்படுகிறது. இந்த வேலைகளை எல்லாம் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்படுத்தி என்ற தனிச் செயலி, நாம் அறியாமலே செய்துகொண்டிருக்கிறது. இயங்குதளம் கேட்கும் முகவரி உண்மையில் எந்தச் சில்லின் எந்தப் பக்கத்தில் உள்ளது என்ற அட்டவணையையும் அதுவே பராமரிக்கிறது. ஒரு டெராபைட் எஸ்எஸ்டிக்கு அந்த அட்டவணை மட்டுமே ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் வரும். மலிவான எஸ்எஸ்டிகளில் அட்டவணையை வைத்துக்கொள்ளும் டிராம் என்ற விரைவு நினைவகச் சில்லைத் தவிர்த்துவிடுகிறார்கள் என்பதை வாங்கும்போது கவனிப்பது நல்லது.

நாம் ஒரு கோப்பை நீக்கும்போது இயங்குதளம் தன் பட்டியலில் இருந்து மட்டுமே அதை எடுக்கிறது. அந்தப் பக்கங்கள் இனி தேவையில்லை என்பது கட்டுப்படுத்திக்குத் தெரியாவிட்டால், செத்த தகவலையும் அது ஒவ்வொரு முறையும் மெனக்கெட்டு இடம் மாற்றிக்கொண்டிருக்கும். இதைத் தெரிவிப்பதற்கான கட்டளையே டிரிம். விண்டோஸ் 7 முதல் இது உண்டு. எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பினால் இடம் மாற்ற வெற்றுத் தொகுதிகள் கிடைக்காமல் அது தடுமாறும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். கொஞ்சம் இடத்தைக் காலியாக விடுவது வீண் அல்ல.

ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் ஊடுருவும் மின்காப்புப் பொருள் சிறிது தேய்கிறது. டிஎல்சி செல்கள் பொதுவாக ஆயிரம் முதல் மூவாயிரம் சுழற்சிகள்வரை தாங்கும். இதைக் கேட்டு அஞ்சுபவர்கள் உண்டு. வீட்டுப் பயனருக்கு அந்த அச்சம் தேவையற்றது என்பதே என் கருத்து. கட்டுப்படுத்தி தேய்மானத்தை எல்லாத் தொகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. 500 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்றுக்கு 150 டெராபைட் எழுதும் அளவுக்கு உத்தரவாதம் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் 30 ஜிகாபைட் எழுதினாலும் ஆண்டுக்கு 11 டெராபைட்தான் ஆகும். 13 ஆண்டுகளுக்கு மேல் ஓடும். அதற்குள் மடிக்கணினியின் கீல் உடைந்திருக்கும்.

எதை வாங்குவது என்பதை உங்கள் கணினியில் உள்ள இணைப்பிதான் தீர்மானிக்கிறது. பழைய மடிக்கணினிகளில் இருப்பது 2.5 அங்குல வட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா என்ற இணைப்பு முறை. அதன் மூன்றாம் தலைமுறையே நொடிக்கு 600 மெகாபைட்டில் நின்றுவிடுகிறது. நடைமுறையில் 550 கிடைக்கும். புதியவற்றில் சூயிங்கம் பட்டை அளவே இருக்கும் எம்.2 எஸ்எஸ்டிக்கான செருகுமிடம் இருக்கிறது. இவற்றில் பரவலானது 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 2280 அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவில் சாட்டா முறையில் பேசும் எஸ்எஸ்டியும் உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற அதிவேகப் பாதை வழியே என்விஎம்ஈ என்ற முறையில் பேசும் எஸ்எஸ்டியும் உண்டு. செருகுமிடத்தில் பொருந்திவிடும், ஆனால் கணினிக்குத் தெரியாது என்ற நிலை வரலாம். மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

என்விஎம்ஈ எஸ்எஸ்டியின் பெட்டியில் நொடிக்கு 3,500 மெகாபைட், 7,000 மெகாபைட் என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அவை பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகங்கள். கணினியைத் துவக்கும்போது நடக்கும் சிறு வாசிப்புகளில் நேரத்தை விழுங்குவது நேண்ட் செல்லைப் படிக்கும் காலமே. அது இரு வகைக்கும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாதாரணச் சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் மலைக்கவைக்கும் வேறுபாடு, சாட்டாவிலிருந்து என்விஎம்ஈக்குப் போகும்போது அன்றாட வேலைகளில் தெரிவதில்லை. காணொளித் தொகுப்புபோன்ற வேலை செய்பவர்களுக்கு அது பயன்படும். க்யூஎல்சி வகையைப் பொறுத்தவரை, எழுதப்படுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் அதன் விரைவான தற்காலிகப் பகுதி நிரம்பியபின் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க்கின் அளவுக்கே இறங்கிவிடுவதும் உண்டு என்பதை நினைவில் கொள்ளலாம்.

மாற்றும் வேலை கடினமானது அன்று. கணினியை முழுவதுமாக அணைத்து, சார்ஜரை எடுத்து, மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். மின்கலம் உள்ளேயே இருந்தால் அடிமூடியைத் திறந்ததும் முதலில் அதன் இணைப்பியை விடுவிக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கைத் தாங்கும் உலோகச் சட்டத்தைத் தூக்கி எறிந்துவிடாமல் புதியதில் திருகிப் பொருத்த வேண்டும். பழைய வட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் புதியது 7 மில்லிமீட்டராகவும் இருந்தால் இடைவெளிக்கு ஒரு சட்டகம் தேவைப்படும்.

பழைய வட்டில் உள்ளதை அப்படியே நகலெடுக்கலாம், அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். நகலெடுக்க யூஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கான ஒரு கேபிளும், குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளும் போதும். விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் மீட்புச் சாவியை முன்பே எழுதி வைத்துக்கொள்ளாமல் எதையும் தொடக் கூடாது. பல ஆண்டுக் குப்பை சேர்ந்த கணினி என்றால் நான் புதிதாக நிறுவுவதையே பரிந்துரைப்பேன். கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்பில், சாட்டா வட்டோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா என்று நிறுவுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. பின்னர் மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

எஸ்எஸ்டி தீர்க்காத சிக்கல்களும் உண்டு. பெரிய கணக்கீடுகளும் காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றுவதும் செயலியின் வேலை. அவை முன்போலவே நேரம் எடுக்கும். ராம் 2 அல்லது 4 ஜிகாபைட்டாக இருந்து, இயங்குதளம் இடமின்றி வட்டை நினைவகமாகப் பயன்படுத்தும் நிலையில், எஸ்எஸ்டி அந்த வலியைக் குறைக்கும், நோயைக் குணப்படுத்தாது. செருகுமிடம் இருந்தால் ராமையும் அதே முறை மூடியைத் திறக்கும்போதே கூட்டிவிடலாம்.

கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு வெளிக்கூட்டில் போட்டுக் காப்புப்பிரதிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டியின் செல்களிலிருந்து மின்னூட்டம் மெல்லக் கசியும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு மின்னணுத் தரநிலைகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவிதி கோருவதும், அவை தம் எழுத்து ஆயுளை முடித்த நிலையில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதைத்தான். புதிய எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்கப்போகும் குடும்பப் புகைப்படங்களின் ஒரு பிரதியையாவது அந்தப் பழைய காந்தத் தட்டில் வைப்பதே பொருத்தம்.