வயல்வெளிப் பள்ளியில் பூச்சியை எண்ணுவது யார்?

நெல்லில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தென்பட்டதும் ஒரு தூரைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவது பல ஊர்களில் வழக்கம். கடைக்காரர் பார்க்கிறார், டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார். வயலைப் பார்க்காதவர் முடிவெடுக்க, வயலுக்குச் சொந்தக்காரர் அதை நிறைவேற்றுகிறார். உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற கற்றல் முறை இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கத்தான் வந்தது. இன்று பல இடங்களில் அதன் பெயர்ப்பலகை மட்டும் தொங்குகிறது. கடைக்காரரின் இடத்தில் வேளாண் அலுவலர் நிற்கிறார், அவ்வளவுதான் மாற்றம்.

இந்த முறை பிறந்த இடம் இந்தோனேசியா. 1980களின் நடுவில் அங்கே புகையான் பெருகி நெல்லை அழித்தது. பூச்சிக்கொல்லிக்கு அரசே பெரும் மானியம் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடியதற்குக் காரணம் எளிது. புகையான் முட்டையை இலையுறைக்குள் வைக்கிறது. மருந்து வெளியே இருக்கும் பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தி, நாவாய்ப்பூச்சிகளையும் சேர்த்துக் கொல்கிறது, முட்டைக்குப் போய்ச் சேருவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் வெளிவரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. 1986இல் அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. தடை போட்டால் மட்டும் போதாது, வயலைப் படிக்க விவசாயிக்குத் தெரிய வேண்டும் என்பதால் 1989இல் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இந்தியாவுக்கும் அது வந்தது. மத்திய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையங்கள் இன்றும் இதை நடத்துகின்றன.

அமைப்பு இதுதான்: சுமார் 25 விவசாயிகள், ஒரு வயல், வாரம் ஒரு காலை, நடவிலிருந்து அறுவடை வரை. வயலில் இரண்டு பாத்திகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் ஊர் வழக்கப்படி மருந்தும் உரமும் போகும். மற்றொன்றில் என்ன செய்வது என்பதைக் குழு வாராவாரம் தீர்மானிக்கும்.

காலையில் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, வயலில் மூலைவிட்டமாக நடந்து பத்துக் குத்துகளை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நாற்றிலிருந்து வளர்ந்த கொத்துகளை, பார்க்க வேண்டும். அடித்தண்டிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது முக்கியம். புகையான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டில்தான் உட்கார்ந்திருக்கும், மேலிருந்து கையால் தடவிப் பார்ப்பவர் கண்ணில் அது படாது. பூச்சிகள், அவற்றைத் தின்பவை, தூர்களின் (ஒரு குத்தில் கிளைத்த தண்டுகளின்) எண்ணிக்கை, பயிரின் உயரம், இலை நிறம், நீர்மட்டம், களை எல்லாம் குறித்துக்கொண்டு நிழலுக்கு வந்து ஒரு பெரிய தாளில் வரைவார்கள். நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி, ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணிக்கை, மேலே அன்றைய வெயில் அல்லது மேகம். கடைசியில் குழுவின் முடிவு: இந்த வாரம் அடிப்பதா, தண்ணீர் வடிப்பதா, சும்மா விடுவதா?

வரைவது சிறுபிள்ளை விளையாட்டு என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். எண்ணாதவரால் வரைய முடியாது, அதற்காகத்தான் அந்தத் தாள். புகையானுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதார சேத நிலையை, அதாவது எத்தனை பூச்சி இருந்தால் மருந்து அடிக்கலாம் என்ற அளவைப் பாருங்கள்: சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. அதாவது சிலந்தியையும் எண்ணினால்தான் மருந்து தேவையா என்றே சொல்ல முடியும். எழுத்து வராதவரும் இதில் சமமாகப் பங்கெடுக்கலாம் என்பது கூடுதல் நன்மை.

நம்பாதவர்களுக்குப் பூச்சிக்கூண்டு இருக்கிறது. ஒரு தொட்டியில் நெற்பயிரை வைத்துக் கொசுவலைத் துணியால் மூடி, உள்ளே பத்துப் புகையானையும் ஒரு ஓநாய்ச் சிலந்தியையும் விட்டு, மறுநாள் எண்ணிப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 இரை வரை தின்னும். சிலந்தி இல்லாத இன்னொரு கூண்டும் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ‘பூச்சி தானாகச் செத்திருக்கும்’ என்று யாராவது கேட்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. அடுத்தது இலை வெட்டுச் சோதனை. தூர் கட்டும் பருவத்தில் ஒரு சதுர மீட்டரில் கால்வாசி இலையையும், இன்னொன்றில் பாதி இலையையும் கத்தரித்துவிட்டு, மூன்றாவதை அப்படியே விட்டு, மூன்றின் விளைச்சலையும் தனித்தனியே எடை போட வேண்டும். இளம் பயிர் இழந்த இலையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். நடவு செய்து முதல் 30 நாளுக்கு இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து வேண்டாம் என்ற பரிந்துரை, காதால் கேட்டபோது நுழையாத தலைக்குள் தராசைப் பார்த்ததும் நுழைகிறது.

இனி, எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

முதல் இடம், பள்ளியை நடத்துபவரின் வாய். “சார், இது என்ன பூச்சி?” என்று ஒருவர் கையை நீட்டுவார். பெயரைச் சொன்னால் பாடம் அங்கேயே முடிந்தது. “எங்க இருந்துச்சுங்க? என்ன பண்ணிட்டு இருந்துச்சு? எத்தனை இருந்துச்சு?” என்று திருப்பிக் கேட்க வேண்டும். வேளாண் பட்டதாரிக்கு இது மிகவும் கடினம், ஏனென்றால் பதில் சொல்லத்தான் அவர் நான்கு ஆண்டு படித்திருக்கிறார்.

இரண்டாவது, ஆள் தேர்வு. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரே பதிவேட்டில் இருப்பார். நடவும் களையெடுப்பும் செய்து குத்துக் குத்தாகக் குனிந்து பார்க்கும் பெண்களும், குத்தகைக்குப் பயிரிடுபவரும் வெளியே நிற்பார்கள். வந்தவர்களிலும் வாயாடி ஒருவரே எல்லாக் குழுவுக்கும் பேசுவார். தாளை விளக்குபவர் வாரம் ஒருவராக மாற வேண்டும் என்று முதல் நாளே விதி வைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, சுருக்குவது. ஒரு பருவப் பள்ளி ஒருநாள் பயிற்சியாகி, பேனர், புகைப்படம், டீ, வடையோடு கலைகிறது. இதை நியாயப்படுத்த ‘படித்தவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார்’ என்பார்கள். இந்தோனேசியப் பள்ளிகளைப் பற்றி 2004இல் வெளிவந்த உலக வங்கி ஆய்வாளர்களின் ஆய்வு, படித்தவர்களிடமிருந்து அக்கம்பக்கத்தாருக்கு அறிவு குறிப்பிடத்தக்க அளவு பரவவில்லை என்றது. ‘அடிக்காதே’ என்ற ஒரு வரியை வேலி தாண்டிச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு வாரம் எண்ணிப் பழகிய கண்ணை அப்படிக் கைமாற்ற முடியாது. பக்கத்து ஊருக்கும் வேண்டுமென்றால் அங்கேயும் ஒரு பள்ளி நடத்த வேண்டும், அதற்கான செலவைத் திட்டத்திலேயே காட்ட வேண்டும்.

ஆள்பலமும் பணமும் குறைவு என்றால், சந்திப்புகளைக் குறைக்கலாம். தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் பருவம், பால் பிடிக்கும் பருவம், அறுவடை ஆகிய ஐந்தையும் தவறவிடாதீர்கள். இரண்டு பாத்திகளில் ஒன்றை விட்டுவிட மட்டும் கூடாது. ஒப்பிட இன்னொன்று இல்லாத பாத்தியில் எது விளைந்தாலும் மழையின் பேரில் எழுதப்பட்டுவிடும். அறுவடையன்று இரண்டிலும் 5×5 மீட்டர் அறுத்து எடை போட்டு, மருந்து, கூலி, உரச் செலவைக் கழித்துக் கணக்கை எல்லோர் முன்பும் போட வேண்டும்.

தேர்வும் உண்டு. வயலில் குச்சி நட்டு, நிஜப் பூச்சியையோ அது கடித்த இலையையோ கட்டி, கேள்வியும் மூன்று விடைகளுக்கு மூன்று பெட்டிகளும் வைத்து, ஒவ்வொருவரும் தன் எண் எழுதிய சீட்டைப் போடுவார்கள். இதை முதல் வாரமும் கடைசி வாரமும் நடத்த வேண்டும். மதிப்பெண் கூடியிருந்தால் சந்தோஷம்தான். ஆனால் கடைசித் தேர்விலும் பாதிப் பேர், மற்றப் பூச்சிகளைத் தின்று நன்மை செய்யும் பொறிவண்டின் புழுவைத் தீமை செய்யும் பூச்சி என்று போட்டிருந்தால், குறை அவர்களிடம் இல்லை. அந்தப் புழு ஒருநாளும் பூச்சிக்கூண்டுக்குள் போகவில்லை என்று பொருள். அடுத்த பருவத்தின் முதல் கூண்டில் அதை விடுங்கள்.