யுபிஐயில் பணம் போகிறது என்பதாலேயே ஃபாரெக்ஸ் ஆப் சட்டப்படி ஆகிவிடாது

ரிட்டர்ன் தாக்கல் செய்ய ஜூலையில் வருகிறவர்களின் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினாலே தெரிந்துவிடும். முன்பின் தெரியாத யார் யார் கணக்குக்கோ ஐயாயிரம், பத்தாயிரம் என்று போயிருக்கும். கேட்டால், "ஃபாரெக்ஸ் கத்துக்கறேன் சார்" என்பார்கள். டாலர், யூரோ போன்ற வெளிநாட்டுப் பணத்தை ஆப்பில் வாங்கி விற்று லாபம் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஆடிட்டராக இருந்து இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக வந்த தம்பிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அம்மாவின் நகையை அடகு வைத்த பணம் போனதோடு, சம்பளம் விழும் கணக்கையும் வங்கி முடக்கிவிட்டது.

"பிளே ஸ்டோர்ல இருக்கே சார், ரூபாயிலதான போடறேன், ஒரு தடவை லாபம்கூட வந்துச்சே" என்கிறார்கள். அந்த லாபம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். யாரோ ஒரு தனிநபரின் கணக்கு. அதில் ஏமாந்த இன்னொருவரின் பணம் கலந்திருந்து, அவர் வேறு மாநிலத்தில் சைபர் புகார் கொடுத்தால், பணம் போன வழியெல்லாம் போலீஸ் தேடும். உங்கள் கணக்கும் சிக்கும். பிளே ஸ்டோர் அனுமதி கொடுக்கும் அலுவலகம் அல்ல. யுபிஐ பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். அது எதற்குப் போகிறது என்று பார்க்காது. முதலில் கொஞ்சம் திருப்பித் தருவது நீங்கள் மேலும் போடுவதற்காக.

ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-இல் வந்தது. அதன்படி அந்நியச் செலாவணியை அனுமதி பெற்றவர்களிடம், அனுமதித்த தேவைகளுக்கு மட்டுமே வாங்கி விற்கலாம். ஆன்லைன் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளம், இல்லையென்றால் என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தை. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி 34 பெயர்களோடு ஓர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிட்டது. அப்புறம் அது நீண்டுகொண்டே போகிறது. அதில் பெயர் இல்லை என்பது அனுமதி இருப்பதாக ஆகாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

சரி, என்எஸ்இயில் செய்யலாமா? 2024 மே 3 முதல், ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்கு (பின்னால் வரும் ஒரு தேதியின் டாலர் விலையை வைத்துப் போடுபவை) உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ உங்களுக்கு இருக்க வேண்டும். பர்கூர் பக்கம் மாங்கூழ் ஏற்றுமதி செய்பவருக்கு மூன்று மாதம் கழித்து டாலர் வரப்போகிறது; அதற்குள் டாலர் இறங்கிவிடுமோ என்ற கவலை அவருக்கு நிஜம். அவருக்கு இது தேவை. டாலரை என்ன விலைக்கு விற்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்து, வங்கியிலேயே ஃபார்வர்டு ஒப்பந்தமும் போட்டுக்கொள்வார். மாதச் சம்பளக்காரருக்கு அப்படி என்ன டாலர் வரவு இருக்கிறது?

500 மடங்கு லீவரேஜ் என்று ஆசை காட்டுவார்கள். 100 டாலரை வைத்து 50,000 டாலருக்கு ஆடுகிறீர்கள். விலை 0.2 சதவீதம் எதிராகப் போனால் 100 டாலரும் காலி. யூரோ–டாலர் சாதாரண நாளிலேயே அதைவிட அதிகம் அசையும். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கற்றுத்தருகிற "மாஸ்டர்" பலருக்கு நீங்கள் போடும் ஒவ்வொரு டிரேடுக்கும் கமிஷன் போகிறது. அவர் கொடுக்கும் லிங்க்கில் கணக்குத் திறக்காதீர்கள்.

உண்மையிலேயே கற்க ஆசையா? பங்குச் சந்தைப் படிப்புக்காக செபி அமைத்த என்ஐஎஸ்எம் நிறுவனம் நடத்தும் கரன்சி டெரிவேட்டிவ்ஸ் தேர்வுக்கான பாடப்புத்தகத்தைப் படியுங்கள். கச்சா எண்ணெய் விலை ஏறினால் ரூபாய் ஏன் தடுமாறுகிறது, அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மாற்றினால் இங்கே என்ன ஆகிறது என்று ஒரு வருடம் கவனியுங்கள். பைசா போடாமல்.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள் தயவுசெய்து தாமதிக்காதீர்கள். மோசடி என்று தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆடிட்டரிடம் மறைக்காதீர்கள், வெளிநாட்டில் கணக்கு இருந்தால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய ரிட்டர்னான ஐடிஆர்-1 படிவமே போட முடியாது. "30 சதவீத வரி கட்டினால்தான் உங்கள் பணத்தை எடுக்கலாம்" என்று ஆப்பிலிருந்து செய்தி வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வருமான வரியை யாரோ ஒருவரின் யுபிஐக்குக் கட்டச் சொல்லும் சட்டம் இந்தியாவில் கிடையாது.