முழங்காலுக்குள் ஒரு வேலி

ஏற்காட்டில் முப்பது வருடம் காப்பிப் பழம் பறித்த என் பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மேட்டில் ஏறுவதைவிட சரிவில் இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்பார். ரோபோ உதவியோடு மூட்டு மாற்றலாம் என்று சேலத்தில் டாக்டர் சொன்னதும், "ஏன் கண்ணு, மிஷினா என் காலை அறுக்கப்போகுது?" என்று கேட்டார். நிறையப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

1992-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் இடுப்பு மூட்டு மாற்றும்போது பயன்பட்ட ரோபோடாக் என்ற ரோபோ, எலும்பைத் தானே குடைந்தது. அந்த வகைக் கருவிகள் இப்போதும் உண்டு. ஆனால் பல கருவிகளில் ரம்பத்தைப் பிடித்து வெட்டுவது டாக்டரின் கைதான்.

மூட்டு மாற்று என்றால் தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் சுமார் 8, 9 மி.மீ. சீவிவிட்டு, உலோக உறை பொருத்தி, நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தட்டு வைப்பது. சீவுகிற கோணம்தான் உயிர்நாடி. வழக்கமான முறையில் தொடை எலும்பின் மஜ்ஜைக்குள் கம்பியைச் செருகி, அதிலிருந்து 5 முதல் 7 டிகிரி கணக்குப் பண்ணி வெட்டுவார்கள். எலும்பே வளைந்திருந்தால் கம்பி ஏமாற்றிவிடும்.

ரோபோ முறையில் கம்பி வேண்டாம். சில கருவிகளுக்கு முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து, அந்தக் காலுக்கே உரிய முப்பரிமாணப் படத்தில் வெட்டைத் திட்டமிட்டுவிடுகிறார்கள். அப்புறம் அறுவை அறையில் இரண்டு எலும்பிலும் சின்ன ஊசிகளை முடுக்கி, ஒளியைத் திருப்பும் உருண்டைகளை மாட்டுகிறார்கள், அகச்சிவப்புக் கேமரா அவற்றைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. காலின் நேர்கோட்டைக் கணக்கிட இடுப்பு மூட்டின் மையம் வேண்டுமே, இடுப்பைத் திறக்காமல் அது எப்படித் தெரியும்? டாக்டர் காலைப் பிடித்து வட்டமாகச் சுழற்றுகிறார். செக்குமாட்டின் காலடித் தடத்தைப் பார்த்தாலே செக்கு எங்கே நின்றது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதேபோல உருண்டைகள் போன பாதையை வைத்துக் கணினி மையத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிறகு எலும்பின் மேல் பல புள்ளிகளைக் குச்சியால் தொட்டுக் காட்ட, படமும் உண்மை எலும்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஊசி கொஞ்சம் அசைந்தாலும் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும், ஆகவே நடுநடுவே சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வெட்டும்போது ரோபோவின் கை ரம்பத்தைத் திட்டமிட்ட தளத்திலேயே பிடித்து வைக்கிறது. எல்லையைத் தாண்டப் பார்த்தால் தடுக்கிறது, ரம்பம் நின்றுவிடுகிறது. பின்னால் ஓடும் ரத்தக்குழாய்க்கும் தசைநாருக்கும் இது ஒரு வேலி. வேறு சில கருவிகளில் ரோபோ வழிகாட்டிச் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். கால் மடங்கும்போதும் நீளும்போதும் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று வெட்டுவதற்கு முன்பே திரையில் பார்த்துத் திருத்தவும் முடிகிறது.

வெட்டு துல்லியமாக விழுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பதினைந்து, இருபது வருடம் கழித்தும் அந்த மூட்டு கூடுதலாக உழைக்குமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. அதனால் கை தேர்ந்த டாக்டர் பக்கத்திலேயே இருக்க, ரோபோ இல்லையே என்று கடன் வாங்கிக்கொண்டு வெளியூருக்கு ஓடாதீர்கள்.

மடக்கி நீட்டும் பயிற்சியில் ரோபோவுக்கு வேலையே இல்லை, அது முழுக்க நம் பாடு. பெரியம்மாவின் மாற்றிய வலது முழங்கால் இப்போது 90 டிகிரி தாண்டி மடங்குகிறது. இடது காலுக்குத் தேதி கேட்டிருக்கிறோம்.