மின்சாரம் போனால் பழைய திங்கட்கிழமைக்குத் திரும்பிய சர்வர்

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் விடியற்காலையில் மலையேறும் ஜீப்புகள், இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்து, மாலையில் அவர்களைத் திருப்பி அழைத்து வருகின்றன. யார் எந்த ஜீப்பில் போனார், எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ காய் எடுத்தார், முன்பணமாக எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்ற கணக்கைக் கம்பத்தில் உள்ள ஓர் அலுவலகம் நோட்டிலிருந்து கணினிக்கு மாற்றியது. அந்தக் கணக்கில் ஒரு வரி தொலைந்தால் ஒருவருடைய ஒரு நாள் கூலி தொலைகிறது.

ஆடிக் காற்றில் மரக்கிளை விழுந்து மின்சாரம் நீண்ட நேரம் போன ஒரு நாளில், யூபிஎஸ்ஸின் மின்கலமும் தீர்ந்து அந்தக் கணினி அணைந்தது. மீண்டும் இயக்கியபோது ஒன்பது நாள் கணக்கைக் காணவில்லை. கங்காணிகளின் நோட்டுகளைப் பார்த்து அத்தனையும் மறுபடி தட்டச்சு செய்தார்கள். சில நாளில் மின்சாரம் போனது. மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறைக்குக் காத்திராமல் என்னை அழைத்தார்கள். அங்கே எல்லோரும் மின்வெட்டைத்தான் குற்றம் சாட்டினார்கள். அது இயல்பான சந்தேகம்தான். ஆனால் மின்வெட்டு ஒரு கணினியிலிருந்து எவ்வளவு தகவலைப் பறிக்க முடியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது.

கணக்கில் ஒரு வரியை எழுதிச் சேமிக்கும்போது அது நேராக வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளம் அதை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வட்டு மெதுவானது என்பதால் பல சிறு எழுதல்களைச் சேர்த்து ஒரே தவணையில் இறக்குவது அதற்கு வசதி. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பில், இறக்கி வைக்கும் பணிக்கூறு ஐந்து விநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, முப்பது விநாடிக்கு மேல் காத்திருக்கும் நினைவகத் துண்டுகளை வட்டுக்கு அனுப்புகிறது. கணக்குகளை அடுக்கி வைக்கும் மென்பொருள்களான தரவுத்தளங்கள் அதுவரைகூடப் பொறுப்பதில்லை. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி போன்றவை ஒவ்வொரு பரிவர்த்தனை முடியும்போதும் ‘இதை இப்போதே வட்டில் எழுது’ என்று இயங்குதளத்தைக் கட்டாயப்படுத்தி, எழுதியாயிற்று என்ற பதில் வந்த பிறகே பயனருக்கு ‘சேமிக்கப்பட்டது’ என்று சொல்கின்றன. ஆகவே சரியாக அமைந்த ஒரு கணினியில் திடீர் மின்வெட்டு அரை நிமிடத்தை ஒட்டிய வேலையைக் கொண்டுபோகலாம். கோப்பைச் சிதைக்கவும் செய்யலாம். ஒன்பது நாளைச் சிறு சேதமும் இல்லாமல் சுத்தமாக எடுத்துச் செல்ல அதனால் முடியாது.

இத்தகைய கோளாற்றில் இழப்பின் அளவையும், இழந்த பிறகு கணினி எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறது என்பதையும் முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். கம்பத்தில் இரண்டு முறையும் கணக்கு ஒரே நாளுக்குத்தான் திரும்பியது. அது அந்தக் கணினியில் கணக்குக்கான சர்வரை நிறுவிக் கொடுத்த திங்கட்கிழமை. தற்செயலான சேதம் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் வந்து நிற்காது. அப்படி நிற்கிறதென்றால், அந்தத் திங்கட்கிழமையின் நிலை எங்கோ பத்திரமாக இருக்கிறது, அதற்குப் பின் எழுதியவை வேறெங்கோ போகின்றன என்று பொருள்.

இரண்டாவது தடயத்தைத் தந்தவர் அங்கே தட்டச்சு செய்யும் பெண். “சார், உள்ளேருந்து ரீஸ்டார்ட் குடுத்தா ஒண்ணும் போகல, கரண்ட் போயி மிஷினே அணைஞ்சாத்தான் போகுது” என்றார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு, நான் கேட்காமலேயே வந்த பதில் அது. அந்தச் சர்வர் ஒரு மெய்நிகர் கணினியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிலின் அருமையை உணர, மெய்நிகர் கணினியின் வட்டு எதனால் ஆனது என்பதைப் பார்க்க வேண்டும்.

மெய்நிகர் கணினி என்பது ஓர் உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. உண்மையானதை வெளிக்கணினி என்றும், அதற்குள் இருப்பதை உட்கணினி என்றும் சொல்கிறேன். ஐபிஎம் 1972இல் விஎம்/370 என்ற பெயரில் இதைத் தன் பெருங்கணினிகளில் வழங்கியது. லினக்ஸின் மையப் பகுதியான கருவுக்குள் இதற்கான கேவிஎம் என்ற பகுதி 2007இல் சேர்ந்தது. உட்கணினி தன்னிடம் ஒரு வட்டு இருப்பதாக நம்புகிறது. வெளிக்கணினியில் அது வெறும் ஒரு கோப்பு. கோப்பாக இருப்பதால், உண்மையான வட்டில் எளிதில் செய்ய முடியாத ஒன்றை இங்கே செய்யலாம். மூலக் கோப்பைத் தொடாமல், அதன்மேல் இன்னொரு கோப்பை விரித்து, எழுதுவதையெல்லாம் மேல்கோப்பில் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

கிராமத்து நில வரைபடத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து வேலை செய்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்குக் கீழேயுள்ள எல்லைக்கோடுகளும் தெரியும், தாளில் புதிதாக வரைந்தவையும் தெரியும். இரண்டும் சேர்ந்து ஒரே வரைபடம்போலத் தோன்றும். மூல வரைபடத்தில் ஒரு கீறலும் விழுந்திருக்காது. கணினியில் இது நடக்கும் விதம் இன்னும் கண்டிப்பானது. மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎம்யூ என்ற மென்பொருளின் கியூகவ்2 வகைக் கோப்பு, வட்டை வழக்கமாக 64 கிலோபைட் கொண்ட துண்டுகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. உட்கணினி ஒரு துண்டைப் படிக்கக் கேட்டால், அது மேல்கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கப்படுகிறது. இல்லாவிட்டால் மூலத்திலிருந்து எடுத்துத் தரப்படுகிறது. ஒரு துண்டில் எண்பது எழுத்து கொண்ட ஒரே ஒரு வரியை மாற்றினாலும், மீதிப் பகுதி மூலத்திலிருந்து மேல்கோப்புக்கு நகலெடுக்கப்பட்டு, மாற்றத்தோடு சேர்ந்து முழுத் துண்டாக அங்கே குடியேறுகிறது. எழுதும் கணத்தில் மட்டும் நகலெடுப்பதுதான் இந்த முறையின் சாரம்.

இது நல்ல நோக்கத்துக்காகப் பிறந்த ஏற்பாடு. ஒரே மூலக் கோப்பின்மேல் முப்பது மெய்நிகர் கணினிகளை இயக்கி இடத்தை மிச்சப்படுத்தலாம். பயிற்சிக் கூடங்களில் மாணவர்கள் எதைக் கலைத்தாலும், மாலையில் மேல்தாளை எறிந்துவிட்டால் மறுநாள் காலை எல்லாம் புதிதாக இருக்கும். இதே வகை மென்பொருள்களான விஎம்வேரில் ‘நான்பெர்சிஸ்டென்ட்’ என்றும், விர்ச்சுவல்பாக்ஸில் ‘இம்யூட்டபிள்’ என்றும் வட்டுக்கு இதே தன்மையைத் தர முடியும். விர்ச்சுவல்பாக்ஸில் உட்கணினி தானே மறுதொடக்கம் செய்துகொண்டால் மேல்தாள் அப்படியே இருக்கும். இயந்திரத்தை வெளியிலிருந்து அணைத்து மீண்டும் இயக்கும்போதுதான் அது வெறுமையாக்கப்படும். அந்தப் பெண் சொன்ன வேறுபாடு சரியாக இங்கே பொருந்துகிறது. உள்ளிருந்து மறுதொடக்கம் கொடுத்தால் வெளிக்கணினியில் ஓடும் நிரல் நிற்பதில்லை, தாளும் எங்கும் போவதில்லை. வெளிக்கணினியே அணைந்தால் நிரல் மடிகிறது, அதனோடு தாளும் போகிறது.

உட்கணினிக்குள் உட்கார்ந்து எவ்வளவு தேடினாலும் இது தெரியாது என்பதுதான் பலரை நாட்கணக்கில் அலைய விடுகிறது. ஜெரால்டு போப்பெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் 1974இல் மெய்நிகர் கணினிக்கு வகுத்த இலக்கணத்தில் ஒரு முக்கிய நிபந்தனை உண்டு. நேரத்திலும் வளத்திலும் வரும் வேறுபாடுகளை விட்டுவிட்டால், ஒரு நிரல் உண்மையான கணினியில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே மெய்நிகர் கணினியிலும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அது. அந்த நிபந்தனை நன்றாக நிறைவேறியிருந்ததால்தான் கம்பத்துச் சர்வரின் தரவுத்தளம் ‘வட்டில் எழுதிவிட்டேன்’ என்று நேர்மையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கோப்பு முறைமையில் பிழை இல்லை, வட்டில் இடம் இருந்தது, பதிவேடுகளில் ஓர் எச்சரிக்கையும் இல்லை. பதிலை வெளிக்கணினியில்தான் தேட வேண்டியிருந்தது.

தேடல் நீண்ட நேரம் எடுக்கவில்லை. உட்கணினியின் வட்டாக இருந்த கோப்பின் கடைசித் திருத்த நேரத்தைப் பார்த்தேன். நாள்தோறும் நூற்றுக்கணக்கான வரிகள் எழுதப்பட்ட வட்டு, நிறுவிய திங்கட்கிழமைக்குப் பிறகு ஒருமுறைகூடத் திருத்தப்படவில்லை என்று அது காட்டியது. அடுத்து, உட்கணினியை இயக்கும் தொடக்க நிரலைத் திறந்தேன். கியூஎம்யூவுக்குத் தரும் ஆணையின் கடைசியில் ‘ஸ்னாப்ஷாட்’ என்ற ஒரு சொல் இருந்தது.

நிறுவியவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்தச் சொல் ஏமாற்றக்கூடியது. பெரும்பாலான மெய்நிகர் மென்பொருள்களில் ஸ்னாப்ஷாட் என்றால் திரும்பி வரக்கூடிய ஒரு கட்டத்தைக் குறித்து வைப்பது என்று பொருள். கேட்பவருக்குப் பாதுகாப்பு என்றே தோன்றும். கியூஎம்யூவின் தொடக்க ஆணையில் அது எழுதுவதையெல்லாம் தற்காலிகக் கோப்புக்குத் திருப்பிவிடுகிறது. அந்தத் தற்காலிகக் கோப்பின் பெயர், லினக்ஸில், திறந்த உடனேயே அடைவிலிருந்து அழிக்கப்பட்டுவிடுகிறது. நிரல் அதைக் கையில் பிடித்திருக்கும்வரை மட்டுமே அது வாழும். ஆகவே மின்சாரம் போன பிறகு வட்டு முழுவதையும் சலித்தாலும் அந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த மகிழ்ச்சியில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு உட்கணினியை அணைத்து இயக்கினால், கடைசியாக எழுதியவையும் போய்விடும். நான் போன நேரத்தில் இரண்டு நாள் கணக்கு அந்தப் பெயரற்ற கோப்பில் மட்டும் உயிரோடு இருந்தது. முதலில் தரவுத்தளத்தின் முழு நகலை வலையமைப்பு வழியாக வேறொரு மடிக்கணினிக்கு எடுத்தோம். பிறகு தரவுத்தளத்தை நிறுத்தி, உட்கணினியின் நினைவகத்தில் இருந்தவற்றை வட்டுக்கு இறக்கச் செய்து, கியூஎம்யூவின் கட்டுப்பாட்டு முனையில் ‘கமிட்’ என்ற ஆணையைக் கொடுத்தோம். மேல்தாளில் இருந்த துண்டுகள் மூலக் கோப்புக்குள் இறங்கின. கோப்பின் திருத்த நேரம் முதன்முறையாக அன்றைய தேதிக்கு வந்தது.

ஒவ்வொரு மறதிக்கும் இதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். உள்ளிருந்து மறுதொடக்கம் கொடுத்தாலே எல்லாம் போகிறதென்றால், நிறுவப் பயன்படுத்திய குறுவட்டுக் கோப்பு இன்னும் இணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் அதிலிருந்தே எழுந்து முழுக்க நினைவகத்தில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். ஒரு நிரலைத் தனிப் பெட்டிபோல அடைத்து இயக்கும் டாக்கர் கன்டெய்னரை நிறுத்தி இயக்கினால் எழுதியவை நிற்கும், நீக்கிப் புதிதாக உருவாக்கினால் போகும். கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் சேமிப்பிடமான வால்யூமில் வைத்தவை மட்டுமே தங்கும். அமேசானின் மேகக் கணினிகளில் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் எனப்படும் வட்டும் மறுதொடக்கத்தைத் தாங்கும், நிறுத்தத்தைத் தாங்காது. ஐபி முகவரி, தீச்சுவர் விதிகள் போன்ற அமைப்புகள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பினால் வட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஓடும் கருவில் மாற்றியதை அமைவுக் கோப்பில் எழுதாமல் விட்டிருப்பார்கள்.

இவற்றுள் எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. இரண்டாவது வட்டு ஒன்றைக் கையால் இணைத்து, அதில் மாதக்கணக்கில் எழுதி, தொடக்கத்தில் எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அதைக் குறிப்பிட மறந்துவிடுகிறார்கள். மறுதொடக்கத்துக்குப் பின் அந்த அடைவு வெறுமையாகத் தெரியும். தகவல் அழியவில்லை, இணைக்கப்படாத வட்டில் முழுமையாக இருக்கிறது. ஆனால் பதற்றத்தில் அந்த வட்டைக் ‘காலி வட்டு’ என்று எண்ணி ஃபார்மட் செய்துவிடும் ஆபத்து உண்டு. காணவில்லை என்று தோன்றியதும், என்னென்ன வட்டுகள் உள்ளன, எவை எங்கே இணைந்துள்ளன என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அதுவரை எதையும் எழுதக் கூடாது.

கம்பத்தில் தொடக்க நிரலிலிருந்து அந்தச் சொல்லை நீக்கிய பிறகு, வட்டுக்கு எழுதுவதை வெளிக்கணினி எப்படித் தற்காலிகமாக வைத்துக்கொள்கிறது என்று சொல்லும் கேஷ் முறையையும் பார்த்தேன். அது ‘அன்சேஃப்’ என்று இருந்தால், ‘இப்போதே எழுது’ என்ற தரவுத்தளத்தின் வற்புறுத்தலை வெளிக்கணினி காதில் வாங்காது. நல்லவேளையாக அப்படி இல்லை. மடிக்கணினியில் நகல் இருக்கும் துணிவில், அந்தப் பெண்ணை ஒரு சோதனை வரி எழுதச் சொன்னேன். அவர் ஒரு ஜீப்பின் எண்ணையும் பன்னிரண்டு கிலோவையும் எழுதிச் சேமித்தார். திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்ததும் யூபிஎஸ்ஸின் பின்னாலிருந்து கணினிக்குப் போகும் மின்கம்பியை உருவினேன். சில நிமிடங்கள் கழித்து எல்லாம் எழுந்தபோது, கணக்கின் கடைசி வரியில் அந்தப் பன்னிரண்டு கிலோ இருந்தது. அவர் அதை அழித்துவிட்டு, மேசைமேல் அடுக்கியிருந்த கங்காணிகளின் நோட்டுகளில் முதலாவதைத் திறந்தார்.