எந்த மருந்துக்கு எந்த பாட்டில்?

வலிப்பு நிற்காத நோயாளிக்கு ஃபெனிட்டோயின் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதுகிறார். ஸ்டாண்டில் ஏற்கெனவே 5% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல், தொங்குகிறது. அனுபவமுள்ள நர்ஸ் அதில் மருந்தைச் சேர்க்கமாட்டார். தனியாக ஒரு நார்மல் சலைன் (உப்புக் கரைசல்) பாட்டிலை எடுப்பார். இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான். ஆனால் டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் கரைசல் கலங்கி, பொடிப்பொடியாகப் படிகங்கள் விழும்.

ஃபெனிட்டோயின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். அதைச் சோடியம் உப்பாக்கி, 40% புரொபிலீன் கிளைக்காலும் 10% ஆல்கஹாலும் கரைப்பானாகச் சேர்த்து, பிஎச் அளவை (7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 12 வரை ஏற்றி, வலுக்கட்டாயமாகத்தான் ஆம்பூலுக்குள் கரைத்து வைத்திருக்கிறார்கள். காரத்தன்மை குறைந்தால் மருந்து மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டத்தை இழக்கும். மின்னூட்டம் போனால் தண்ணீர் அதை ஏற்காது. டெக்ஸ்ட்ரோஸோ அமிலப் பக்கம் சாய்ந்தது: பிஎச் 3.5 முதல் 6.5 வரை. சூடாக்கிக் கிருமி நீக்கும்போது சர்க்கரை லேசாகச் சிதைந்து அமிலங்கள் உண்டாவது அதற்கு ஒரு காரணம்.

சலைனும் காரமில்லை. ஆனால் அதிலுள்ள அமிலம் மிகக் கொஞ்சம் என்பதால், மருந்து கொண்டுவரும் காரமே ஜெயிக்கிறது. அதுவும் ஓர் அளவுக்குத்தான். நிறைய நீர்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். இங்கே கதை தலைகீழ். காரமும் கரைப்பானும் சேர்ந்து நீர்த்துப்போவதால் படிகம் விழும் ஆபத்து கூடும். அதனால்தான் மில்லிக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது, கலந்த கையோடு ஏற்றிவிட வேண்டும், குழாயில் வடிகட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். (இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்த ஃபாஸ்ஃபெனிட்டோயின் இரண்டு பாட்டிலிலும் சமர்த்தாகக் கரையும். விலைதான் கூடுதல்.)

சரி, எல்லாவற்றையும் சலைனிலேயே கலந்துவிடலாமா? ஆம்போடெரிசின் பி ஒத்துக்கொள்ளாது. 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது ஊரெல்லாம் தேடி அலைந்த மருந்து அது. அதன் பழைய வகையில் டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்புதான் மருந்தை மிக நுண்ணிய துகள்களாக மிதக்க வைக்கிறது. ஒரே மின்னூட்டம் கொண்டதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். சலைனின் உப்பு அயனிகள் அந்த விலக்கத்தை மட்டுப்படுத்த, துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஆற்றோடு வரும் நுண்வண்டல் கழிமுகத்தில் உப்புநீர் பட்டதும் திரண்டு படிகிறதே, அதே இயற்பியல்தான். ஆகவே இதற்கு டெக்ஸ்ட்ரோஸ் மட்டும்.

ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு ட்ரிப் திரவத்தின் சிக்கல் அதிலுள்ள கால்சியம். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்குடன் சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். இறந்துபோன சில பச்சிளம் குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் இந்தப் படிவு காணப்பட்டதையடுத்து, 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. பிறந்து 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டையும் வேறு வேறு குழாயில்கூடக் கொடுக்கக்கூடாது. பெரியவர்களுக்கென்றால், ஒன்று முடிந்து குழாயை நன்றாகக் கழுவிவிட்ட பிறகு மற்றதைப் போடலாம்.

இவையாவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் பாட்டில் பளிங்குபோலவே இருக்கும். உள்ளே அதன் வீரியத்துக்கு ஆதாரமான பீட்டா லாக்டம் வளையம் சலைனில் இருப்பதைவிட வேகமாக உடைந்துகொண்டிருக்கும். நிறம் மாறாது, கலங்காது, கிருமியைக் கொல்லும் வீரியம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். எத்தனை மணிக்குக் கலந்தது என்று பாட்டிலில் எழுதி ஒட்டுவது இதற்காகத்தான்.